பிரவுன் சீனி கல்லாகிவிட்டது, நாற்பது போத்தல் ஆர்டர் கையில் இருக்கிறது

மலேசியாவின் பிறை வட்டாரத்தில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வேலையை விட்ட பிறகு வீட்டிலேயே குக்கீஸ் சுட்டு விற்கிறார். தீபாவளிக்கு நாற்பது போத்தல் ஆர்டர் வந்து, பாதிப் பணமும் வாங்கியாயிற்று. அமெரிக்கக் குறிப்பு ஒன்றைப் பார்த்துச் சுடுகிறார். அதில் 'ஒரு கப் பிரவுன் சீனி, அழுத்தி அளந்தது' என்று இருக்கிறது. ஒரு முறை குக்கீஸ் தட்டெல்லாம் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அடுத்த முறை, அதே குறிப்பு, அதே ஓவன், ஆனால் மாமியாருக்குக் கடிக்க முடியாத அளவுக்குக் கெட்டி. எறும்புக்குப் பயந்து ஃபிரிட்ஜில் வைத்த இரண்டு கிலோ பிரவுன் சீனி இதற்கிடையில் கல்லாகிவிட்டது. அதை இடித்துப் போட்டுத்தான் இரண்டாவது முறை சுட்டிருக்கிறார். "கெட்டுப்போன சீனியைத் தூக்கிப் போடு, வெல்லம் போட்டுச் சுடு. அதுதான் நம்ம பொருள், உடம்புக்கும் நல்லது" என்கிறார் மாமியார். இன்னொரு பக்கம், அந்த நாற்பதில் ஐந்து போத்தலை இனிப்பு நீர் உள்ள தன் அப்பாவுக்காக ஒருவர் கேட்டிருக்கிறார். "பிரவுன் சீனிதானே, பயமில்லாமல் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டேன் டீச்சர். போத்தலில் ஒட்டும் லேபிளிலும் அப்படியே போடலாமா? ஆர்டரை வைத்துக்கொள்வதா, பணத்தைத் திருப்பிவிடுவதா?" என்று கேட்டு முடிக்கிறார்.

சகோதரி, பணத்தைத் திருப்ப வேண்டாம். உங்கள் கையிலும் குறையில்லை, குறிப்பிலும் குறையில்லை. சீனியும் கெட்டுப்போகவில்லை. கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது ஒன்றே ஒன்று, அந்த லேபிள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் பிரவுன் சீனி என்பது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கேள்விகளில் முக்கால்வாசி அதிலேயே அடங்கிவிடும். கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் சீனியைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற கறுப்பான, கசப்பும் புளிப்பும் கலந்த பாகுக்கு மொலாசஸ் என்று பெயர். அதில் கொஞ்சத்தை விட்டுவைத்தோ, சுத்தம் செய்த வெள்ளைச் சீனியில் திரும்பக் கலந்தோ செய்வதுதான் பிரவுன் சீனி. இள நிறத்தில் உள்ளதில் மொலாசஸ் ஏறக்குறைய 3.5 விழுக்காடு, கரு நிறத்தில் உள்ளதில் ஏறக்குறைய 6.5 விழுக்காடு. மற்றதெல்லாம் சாதாரணச் சீனி. அதாவது வெள்ளைச் சீனிக்கு மொலாசஸில் ஒரு மெல்லிய சட்டை மாட்டிவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஈரம், நிறம், மணம், ஒட்டும் தன்மை எல்லாம் அந்தச் சட்டையில்தான் இருக்கின்றன.

கப்புக்குள் எவ்வளவு போகிறது

வெள்ளைச் சீனி மணல்போல் இறங்கி, இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும். யார் அள்ளினாலும் ஒரு கப்புக்குப் பெரிய வித்தியாசம் வராது. பிரவுன் சீனி அப்படி இல்லை. ஈரத்தால் மணிகள் ஒட்டிக்கொண்டு, நடுவில் காற்றைப் பிடித்துவைக்கும். அமெரிக்கக் கப் ஏறக்குறைய 237 மில்லிலிட்டர். அதில் பிரவுன் சீனியைத் தளர்வாக அள்ளிப் போட்டால் 145 கிராம் அளவில் நிற்கும். நன்றாக அழுத்தினால் 220 கிராம் வரை போகும். ஒரே கப்பில் 75 கிராம் வித்தியாசம்! 'அழுத்தி அளந்தது' என்று குறிப்பில் எழுதுவது இதனால்தான். கவிழ்த்தால் கப்பின் வடிவத்திலேயே நிற்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

இப்போது உங்கள் இரண்டு தட்டுகளைப் பாருங்கள். முதல் முறை சீனி புதுசு, ஈரமாக இருந்தது, 'கை வலிக்க அழுத்தினேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு நம் ஊரில் விற்கும் அளவுக் கப் பெரும்பாலும் 250 மில்லிலிட்டர். ஆகவே 230 கிராமுக்கு மேல் போயிருக்கும். ஓவன் சூட்டில் சீனி இளகிப் பாகாகும். பாகு கூடினால் மாவு ஓடும், தட்டில் பரவும். இரண்டாவது முறை இடித்த கட்டிகளை அளந்தீர்கள். கட்டிகளை அழுத்தவும் முடியாது, நடுவில் ஏகப்பட்ட இடைவெளி. 150 கிராம்கூட விழுந்திருக்காது. சீனி குறைந்தால் குக்கீஸ் பரவாது, ஈரத்தைப் பிடித்து வைக்கவும் ஆள் இல்லை. கெட்டியாகத்தான் வரும். மாமியார் பல்லைக் குறை சொல்லாதீர்கள்.

'எல்லாவற்றையும் அதே 250 மில்லி கப்பில்தானே அளந்தேன், விகிதம் மாறாதே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் முட்டை கப்புக்குத் தகுந்தாற்போல் பெரிதாகாது. பட்டரையும் நீங்கள் கப்பில் அளக்கவில்லை, கட்டியாகப் போட்டிருக்கிறீர்கள். இங்கே 227 கிராம் கட்டியும் கிடைக்கிறது, 250 கிராம் கட்டியும் கிடைக்கிறது. அமெரிக்கர்களின் ஒரு கப் பட்டர் என்பது 227 கிராம். இன்னொன்று, வீட்டில் யாராவது உதவிக்கு வந்து ரைஸ் குக்கரோடு வந்த கப்பில் அளந்துவிட்டார்களா என்று விசாரியுங்கள். அது 180 மில்லிதான். நம் வீடுகளில் 'கப்' என்றால் முதலில் கைக்கு வருவது அதுதான்.

இதற்கெல்லாம் மருந்து ஒரு டிஜிட்டல் தராசு. முப்பது வெள்ளிக்குள் கிடைக்கும். விற்பனைக்குச் சுடுகிறவர் கப்பை நம்பிச் சுடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து, இதில் நான் யாரோடும் சமரசம் செய்வதில்லை. உங்கள் குறிப்பை இப்படி மாற்றி எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்: பிரவுன் சீனி 215 கிராம், வெள்ளைச் சீனி 100 கிராம், பட்டர் 227 கிராம், கோதுமை மாவு 275 கிராம், முட்டை இரண்டு, சோடா மாவு ஒரு தேக்கரண்டி. நிறுத்துப் போடும்போது அழுத்த வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியே எழாது.

சீனி மேல் மட்டும் பழி போட்டுவிடவும் முடியாது. பகல் ஒரு மணிக்கு உங்கள் அடுக்களையில் 30 பாகைக்குக் குறையாது. அந்தச் சூட்டில் பட்டர் பாதி உருகிய நிலையில்தான் சீனியோடு சேர்கிறது. பிசைந்த மாவை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு உருட்டுங்கள், பரவுவது இன்னும் குறையும். ஃபிரிட்ஜுக்கு இங்கே வேலை உண்டு, சீனியிடம்தான் வேலை இல்லை.

கல்லான சீனியை என்ன செய்வது

பிரவுன் சீனி கெட்டியாவது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. மொலாசஸ் படலத்தில் இருந்த தண்ணீர் வற்றியதும் சீனி மணிகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கின்றன. போன ஈரம் திரும்பி வந்தால் பிடி விடும். நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரத்துக்குச் சீனி காய்வதே அதிசயம்தான், ஆனால் நீங்கள் வைத்த இடம் ஃபிரிட்ஜ். பனி கட்டாத இந்தக் கால ஃபிரிட்ஜ்கள் உள்ளே இருக்கும் காற்றை உலர்த்திக்கொண்டே இருக்கும். ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் பை அதைத் தடுக்காது. குளிரூட்டி ஓடும் அறையும் இதே வேலையைத்தான் செய்யும்.

ஆர்டருக்கு இன்னும் நாள் இருப்பதால் நிதானமான வழியே போதும். கட்டியை நாலைந்து துண்டாக உடைத்து, இறுக மூடும் டப்பாவில் போடுங்கள். மேலே ஒரு ரொட்டித் துண்டு, அல்லது ஆப்பிள் கீற்று. ஒரு ராத்திரி, தேவைப்பட்டால் இன்னொரு நாள். ரொட்டி காய்ந்திருக்கும், சீனி இளகியிருக்கும். இளகியதும் ரொட்டியை எடுத்துவிடுங்கள். நம் தட்பவெப்பத்தில் மறந்து விட்டுவிட்டால் பூசணம் பூத்து, நல்ல சீனியையும் கெடுத்துவிடும்.

அவசரமென்றால் மைக்ரோவேவ். கிண்ணத்தில் சீனி, மேலே நனைத்துப் பிழிந்த கிச்சன் பேப்பர், இருபது இருபது விநாடியாக. ஒவ்வொரு முறையும் முள்கரண்டியால் கிளறிப் பாருங்கள். ஒரேயடியாக ஓடவிட்டால் ஓரம் உருகிப் பாகாகிவிடும், சீனிப் பாகு கையில் பட்டால் கொதிநீரைவிட மோசம். இப்படி இளக்கியது ஆறியதும் மறுபடி இறுகும், ஆகவே உடனே நிறுத்துப் போட்டுவிட வேண்டும். உரலில் இடிப்பது மட்டும் வேண்டாம். இடித்த கட்டி பட்டரோடு சேராது, சுட்ட பிறகும் குக்கீஸில் கடுகு மாதிரி பல்லில் படும்.

இனிமேல் வைக்கும் முறை: ரப்பர் வளையம் உள்ள மூடியோடு கண்ணாடி ஜாடி, அல்லது இறுக மூடும் டப்பா. அலமாரியில், அடுப்புக்கு எட்டத்தில். எறும்புக்குப் பயமென்றால் நம் பாட்டிகள் செய்த மாதிரி தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் டப்பாவை வையுங்கள். பேக்கரி சாமான் கடையில் சீனி ஈரம் காக்க என்றே சுட்ட மண் வில்லை விற்கிறார்கள். உங்களுக்கு அது தேவையில்லை, தீபாவளிக்கு வாங்கும் அகல் விளக்கு அதே வேலையைச் செய்யும். சாயம் பூசாத, எண்ணெய் படாத புது அகலாக இருக்க வேண்டும். கழுவி, கொதிநீரில் போட்டெடுத்து, இருபது நிமிடம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மேலே உள்ள ஈரத்தைத் துடைத்துவிட்டுச் சீனி மேல் கவிழ்த்து வையுங்கள். சீனி தளர்வாக இருக்கும் வரை அகலை நனைக்க வேண்டாம், இறுகத் தொடங்கினால் மட்டும் மறுபடி ஊறவைத்தால் போதும்.

திறந்த பை ஆறு மாதத்துக்குள் தீர்கிற அளவுக்கு மட்டும் வாங்குங்கள். அதற்கு மேலும் கெடாது, மணமும் மென்மையும் குறையும். புளித்த வாடை, பூச்சி, பூசணம் இந்த மூன்றில் ஏதாவது இருந்தால் மட்டும் குப்பைக்கு. கடையிலிருந்து வாங்கி வந்த பையே உடைக்காமல் கல்லாக இருந்தால் ரசீதோடு எடுத்துப் போய் மாற்றித் தரச் சொல்லுங்கள். தயங்க வேண்டியதில்லை.

வெல்லமா, குலா மெலாக்காவா

மாமியார் சொல்வதில் பாதி சரி. வெல்லம் நம்ம பொருள்தான். ஆனால் பிரவுன் சீனி அந்நியப் பொருள் இல்லை, இரண்டும் ஒரே கரும்பு. ரப்பர் வருவதற்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், இன்று செபராங் பிறை என்று சொல்கிற அந்தப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் வெட்டியவர்கள் நம் தமிழர்கள். நாட்டின் முதல் சீனிச் சுத்திகரிப்பு ஆலை 1964-இல் ஓடத் தொடங்கியதும் உங்கள் பிறையில்தான். 'எது நம்ம பொருள்' என்ற விவாதத்தில் நீங்களும் கொஞ்சம் பேசலாம்.

வெல்லம் போடுவதாக இருந்தால் அதிரசத்துக்குச் செய்வதுபோல் பாகு காய்ச்சி ஊற்றக்கூடாது. அதிரசத்துக்குப் பாகுதான் உயிர். குக்கீஸுக்கு அந்தத் தண்ணீரே எதிரி. பட்டரும் சீனியும் அடிபடும்போது சீனி மணிகள் பட்டருக்குள் காற்றை ஏற்றுகின்றன. பாகுக்கு அந்த வேலை தெரியாது. நல்ல வெளிர் வெல்லமாகப் பார்த்து, துருவி, சலித்து, பிரவுன் சீனியின் எடைக்கு அதே எடை போடுங்கள். பல்லில் மண் நறநறத்தால் அந்த வெல்லத்தைப் பாயசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தென்னம்பாளைச் சாற்றைக் காய்ச்சிச் செய்யும் கட்டிச் சீனியான குலா மெலாக்கா இதைவிட எனக்குப் பிடித்த மாற்று. புகை மணம் கலந்த அந்த ருசி பட்டரோடும் தேங்காயோடும் அற்புதமாகச் சேரும். இதையும் துருவி, எடைக்கு எடை போடலாம். விலை மலிவாக இருந்தால் லேபிளைத் திருப்பிப் பாருங்கள், கரும்புச் சீனி கலந்தது நிறைய விற்கிறது. கட்டிக்குக் கட்டி ஈரம் மாறும் என்பதுதான் சங்கடம். கையில் பிசுபிசுத்தால் துருவியதைத் தட்டில் பரப்பிக் கொஞ்ச நேரம் உலரவிடுங்கள். நாற்பது போத்தலும் ஒரே மாதிரி வர வேண்டும் என்றால் இந்த ஆர்டருக்கு இது வேண்டாம். அடுத்த தீபாவளிக்குத் தனி வகையாகப் போடுங்கள், விலையும் கூட வைக்கலாம்.

பிரவுன் சீனி தீர்ந்து கடைக்கு ஓட முடியாதபோது வீட்டிலேயே செய்துவிடலாம்: வெள்ளைச் சீனி 200 கிராம், மொலாசஸ் ஒரு மேசைக்கரண்டி, கையால் பிசறினால் இள நிறப் பிரவுன் சீனி. இரண்டு கரண்டி என்றால் கரு நிறம். மொலாசஸ் பேக்கரி சாமான் கடையில் கிடைக்கும். நிறத்துக்காகக் கெட்டிக் கிச்சாப் (கறுப்புச் சோயா சாஸ்) ஊற்றலாமா என்று வகுப்பில் கேட்பவர்கள் உண்டு. உப்புக் குக்கீஸ் விற்கும் எண்ணம் இருந்தால் ஊற்றலாம்.

வெறும் வெள்ளைச் சீனி மட்டும் போட்டால் குக்கீஸ் வெளுத்து, மொறுமொறுவென்று வரும். அதில் தப்பில்லை, ஆனால் மொலாசஸ் தருகிற புளிப்பு இருக்காது. சோடா மாவு வேலை செய்யப் புளிப்பு வேண்டும். இல்லாவிட்டால் வாயில் லேசாகச் சோப்பு வாடை அடிக்கும். அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்தால் சரியாகிவிடும்.

கடையில் ஒன்றைக் கவனியுங்கள். மலாயில் 'குலா பேராங்', அதாவது பிரவுன் சீனி, என்று போட்ட எல்லாப் பையும் ஒன்றல்ல. சில பைகளில் இருப்பது காப்பிக்குப் போடும் பெரிய மணிச் சீனி, பழுப்பாக இருக்கும், ஆனால் காய்ந்திருக்கும். பையின் வெளியிலிருந்தே கட்டை விரலால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் அது உங்களுக்குத் தேவையான சீனி. மணி சரசரவென்று நழுவினால் காப்பிக்கு.

அந்த லேபிள்

'பிரவுன் சீனி, இனிப்பு நீர் உள்ளவர்களும் பயமில்லாமல் சாப்பிடலாம்' என்று நீங்கள் சொன்னது தவறு. நம் சமூகத்தில் பல பேர் இப்படித்தான் நம்புகிறார்கள், நீங்கள் மட்டும் இல்லை. நூறு கிராம் வெள்ளைச் சீனியில் ஏறக்குறைய 387 கலோரி, பிரவுன் சீனியில் 380. கொஞ்சம் கால்சியமும் துளி இரும்பும் மொலாசஸில் உண்டு, உண்மைதான். அதை நம்பி யாரும் சீனி தின்ன முடியாது. இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. வெல்லமும் குலா மெலாக்காவும்கூட இந்தக் கணக்கில் சீனிதான். மாமியார் சொன்னதில் சரியில்லாத பாதி இதுதான்.

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருக்கிறது, ஆறு பேரில் ஒருவர். அந்தப் பெரியவர் உங்கள் வார்த்தையை நம்பி, வேளைக்கு நாலு குக்கீஸ் சாப்பிட்டுவிட்டு, மருந்தில் குறை என்று டாக்டரிடம் போய் நிற்பார். உங்களுக்கும் ஆபத்து உண்டு. 1983 உணவுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, உணவின் தன்மையையோ தரத்தையோ பற்றி ஏமாற்றும் விதமாக லேபிள் ஒட்டி விற்பதைக் குற்றம் என்கிறது. அபராதத்தோடு மூன்று ஆண்டு வரை சிறைக்கும் அதில் இடமுண்டு. வீட்டில் சுட்டது, தெரிந்தவர்களுக்குத்தான் விற்கிறேன் என்பதெல்லாம் காசு வாங்கிய பிறகு பெரிய சமாதானம் ஆகாது.

ஆகவே லேபிளில் அந்த வரி வேண்டாம். 'சீனி குறைவு' என்றும் போடாதீர்கள், அப்படி எழுதவும் விதிக்கப்பட்ட அளவுகள் இருக்கின்றன. பொருளின் பெயர், உள்ளே போட்ட பொருள்கள், எடை, சுட்ட தேதி, உங்கள் பெயரும் முகவரியும் இருக்கட்டும். கோதுமை, முட்டை, பால் பொருள், கடலை போட்டிருந்தால் அதையும் மறக்காமல் எழுதுங்கள். ஒவ்வாமை உள்ளவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. உணவு கையாளுவோருக்கான பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் இன்னும் முடிக்கவில்லை என்றால் அதையும் முடித்துவிடுங்கள். வட்டாரச் சுகாதார அலுவலகத்தில் கேட்டால் சுகாதார அமைச்சில் பதிவு செய்யும் வழியையும் சொல்வார்கள்.

ஐந்து போத்தல் கேட்டவருக்கு இந்த வாரமே போன் போடுங்கள். "அண்ணே, நான் விசாரித்துப் பார்த்தேன், இதிலும் சாதாரணச் சீனி அளவுதான் இருக்கிறது. அப்பாவுக்கு என்று வாங்காதீர்கள், டாக்டரைக் கேட்டுவிட்டு ஒன்றிரண்டு கொடுங்கள்" என்று சொன்னால் போதும். வேண்டாம் என்றால் அவர் முன்பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலும் ஐந்தை இரண்டாகக் குறைப்பார். குக்கீஸில் சீனியைக் குறைத்து அவருக்குத் தனியாகச் சுட்டுத் தருகிறேன் என்று மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். சீனியைக் குறைத்தால் என்ன வரும் என்று உங்கள் இரண்டாவது தட்டே காட்டிவிட்டது.

மற்ற முப்பத்தைந்து போத்தலுக்கு, முதலில் தராசு வாங்கி, மேலே கொடுத்த கிராம் கணக்கில் ஒரே ஒரு தட்டு சுட்டுப் பாருங்கள். பரவினால் மாவைக் கூடுதல் நேரம் குளிரவையுங்கள். கெட்டியாக வந்தால் ஓவனிலிருந்து இரண்டு நிமிடம் முன்னதாக எடுங்கள், ஓரம் சிவந்து நடு இன்னும் வெளுப்பாக இருக்கும்போதே. தட்டிலேயே ஐந்து நிமிடம் விட்டால் நடுவும் வெந்து நிற்கும். சீனியின் எடையை மட்டும் மாற்றாதீர்கள்.